உடலின் படம் உடலுக்குரியவர் கைக்கு வரவேண்டும்

வயலில் பயிர் மஞ்சளித்தால் நாம் சும்மா இருப்பதில்லை. ஒரு பயிரைப் பிடுங்கி வேரைப் பார்க்கின்றோம். தண்டைக் கீறி உள்ளே புழு இருக்கின்றதா என்று பார்க்கின்றோம். நீரிறைக்கும் இயந்திரம் நின்றுபோனால் அதனைக் கழற்றிப் பார்க்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கின்றார். ஆடு அடித்துப் பங்கு போடும்போது ஈரல் எது, குடல் எது என்று எமது சிறுபிள்ளைகளும் சொல்லுவார்கள். ஆனால் எமது சொந்த உடம்பின் உள்ளே எது எங்கே இருக்கின்றது, எது பழுதானால் எது நின்றுபோகும் என்று கேட்டால் எம்மில் அநேகர் மௌனமாகி விடுகின்றோம். வைத்தியசாலையில் ஒரு படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வைத்தியர் தலையை ஆட்டினால், நாமும் தலையை ஆட்டிவிட்டு மருந்துச் சிட்டையுடன் வீடு திரும்புகின்றோம்.

இந்த மௌனத்தை உடைக்கக்கூடிய ஒரு கருவி இன்று உலகிலே பாவனைக்கு வந்துள்ளது. மனித உடலின் அமைப்பை மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிப்பதற்கென உருவாக்கப்பட்ட அக்கருவி பற்றி இவ்விதழில் எழுத விரும்புகின்றோம். பசளை விலையும் கடனும் கழுத்தை நெரிக்கும் நேரத்தில், சொந்தக் காணிக்குப் போக இன்னும் வழி பிறக்காத குடும்பங்கள் இருக்கும் நேரத்தில், இது என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. எமது பதில் இதுதான்: ஏழை விவசாயிக்கு உடம்பே முதல். பலமுறை இடம்பெயர்ந்தவர்களிடம் வீடும் மாடும் போனபின் எஞ்சியிருந்தது அது ஒன்றே. அந்த முதலைப் பற்றிய அறிவு பிறர் கையில் மாத்திரம் இருப்பது நல்லதல்ல.

கருவி எப்படி வேலை செய்கின்றது?

இதில் இரண்டு வகை உண்டு. முதலாவது வகையைத் தமிழில் மெய்நிகர் காட்சி என்கின்றார்கள். கண்களை முழுவதுமாக மூடும் ஒரு பெட்டி போன்ற கண்ணாடியை ஒருவர் தலையில் மாட்டிக்கொள்கின்றார். உள்ளே இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரண்டு படங்கள் காட்டப்படுகின்றன. எமது இரு கண்களும் ஒரு பொருளை இரண்டு கோணங்களிற் பார்ப்பதனாற்றான் அதன் ஆழம் எமக்குத் தெரிகின்றது. அதே தந்திரத்தையே இக்கண்ணாடியும் செய்கின்றது. தலையைத் திருப்பினால் படமும் திரும்பும். பார்ப்பவருக்குத் தாம் ஒரு பெரிய இருதயத்தின் முன்னால், ஏன், அதன் அறைகளுக்கு உள்ளேயே நிற்பதுபோல இருக்கும்.

இரண்டாவது வகையில் வெளியுலகம் மறைவதில்லை. எதிரே உள்ள மேசையும் ஆட்களும் தெரிந்துகொண்டிருக்க, அவற்றின் மேலே உடலுறுப்பின் படம் வந்து நிற்கும். இதனை மிகைமெய்க் காட்சி என்பர். இதற்குக் கண்ணாடி கட்டாயமல்ல. ஓரளவு வசதியான கைத்தொலைபேசியின் கமராவை மேசையை நோக்கிப் பிடித்தால், திரையில் அந்த மேசையின் மேல் ஓர் எலும்புக்கூடு நிற்பதாகக் காணலாம். சுற்றி நடந்து முதுகுப் புறத்தையும் பார்க்கலாம். தோலை நீக்கித் தசையை, தசையை நீக்கி நரம்பை, நரம்பை நீக்கி எலும்பைப் பார்க்கலாம்.

பாடப்புத்தகத்திலுள்ள படம் தட்டையானது. சிறுநீரகம் குடலுக்குப் பின்னாலே, முதுகுப் பக்கமாக இருக்கின்றது என்பதைத் தட்டைப் படத்தில் விளங்கிக்கொள்வது கடினம். சுற்றிவந்து பார்க்கும்போது ஒரு நொடியில் விளங்கிவிடும். இக்கருவியின் உண்மையான பெறுமதி இந்த ஒரு விடயத்திலேதான் தங்கியிருக்கின்றது.

செல்வந்த நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவின் கிளீவ்லன்ட் நகரிலுள்ள கேஸ் வெஸ்டேர்ன் றிசேர்வ் பல்கலைக்கழகம் மைக்ரோசொப்ட் நிறுவனத்துடன் சேர்ந்து, ஹோலோலென்ஸ் என்னும் கண்ணாடி மூலம் உடலமைப்பியலைக் கற்பிக்கும் முறையை 2015ஆம் ஆண்டில் வெளியுலகுக்குக் காட்டியது. 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினால் வகுப்புகள் மூடப்பட்டபோது அக்கண்ணாடிகள் மாணவர்களின் வீடுகளுக்கே அனுப்பப்பட்டன. வெவ்வேறு ஊர்களில் இருந்த மாணவர்கள் ஒரே உடலை ஒரே நேரத்தில் சுற்றிநின்று படித்தார்கள். பெரிய சாதனைதான்.

ஆயினும் கதையின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். ஹோலோலென்ஸின் இரண்டாவது பதிப்பு 3500 அமெரிக்க டொலருக்கு விற்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு ஒக்டோபரில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டதென அதே நிறுவனம் அறிவித்தது. கடதாசி மட்டையில் மடித்து, கைத்தொலைபேசியைச் செருகிப் பார்க்கக்கூடிய மலிவான கண்ணாடியைக் கூகிள் நிறுவனம் 2014இல் அறிமுகப்படுத்தியது. அதனையும் 2021இல் விற்பதை விட்டுவிட்டது. கம்பனிக்கு இலாபம் தேவை. இலாபம் இல்லையென்றால் கடையைப் பூட்டிவிடும். உதிரிப்பாகம் கிடைக்காத உழவு இயந்திரத்தை வாங்கி, பின்பு அதைக் கோழிகள் அடைகாக்க விட்ட கிராமங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்னுமொன்று. விலை கூடிய கருவியாற் படித்தால் கூடுதலாக விளங்கும் என்பதும் உறுதியில்லை. அவுஸ்திரேலியாவின் பொண்ட் பல்கலைக்கழகத்தில் 59 பேரைக்கொண்டு மண்டையோட்டின் அமைப்பைக் கற்பித்து ஓர் ஆய்வு நடத்தி, 2017இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் கண்களை மூடும் கண்ணாடியிலும், ஒரு பிரிவினர் மிகைமெய்க் காட்சியிலும், மற்றப் பிரிவினர் சாதாரண கைக்கணினித் திரையிலும் படித்தார்கள். பரீட்சைப் புள்ளிகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இருக்கவில்லை. கண்ணாடி அணிந்தவர்களுக்குத் தலையிடியும் தலைச்சுற்றும்தான் அதிகமாக வந்தன. ஆயினும் மெய்நிகர், மிகைமெய்க் காட்சிகள் கற்பவரின் ஈடுபாட்டைக் கூட்டுகின்றன என்று ஆய்வாளர்கள் குறிப்பிட்டார்கள்.

இதிலிருந்து எமக்குக் கிடைக்கும் பாடம் எளிது. சுற்றிப் பார்க்கக்கூடிய நல்ல படமும், அதை விளக்கத் தெரிந்த ஒருவரும் போதும். அப்படம் எமது பிள்ளைகளின் கையில் ஏற்கெனவே உள்ள கைத்தொலைபேசியிலேயே தெரியலாம்.

கணினிக்குள் இருப்பதும் ஒரு மனிதரின் உடலே

"இனிமேல் பிணம் அறுத்துப் படிக்கத் தேவையில்லை, எல்லாம் கணினியில் வந்துவிட்டது" என்று சிலர் பேசுகின்றார்கள். அந்தக் கணினி உடல் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்க்கவேண்டும்.

அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1994ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு முழு ஆணுடலின் படத்தொகுதியை வெளியிட்டது. ரெக்சாஸ் மாநிலத்தில் 1993இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஒரு கைதியின் உடல் அது. உடலை உறையவைத்து, ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் படலம் படலமாகச் சீவி, ஒவ்வொரு படலத்தையும் படம்பிடித்தார்கள். அப்படி எடுக்கப்பட்டவை 1871 படங்கள். 1995இல் ஒரு பெண்ணின் உடலும் இதைவிட நுண்ணியதாகச் சீவிப் படமாக்கப்பட்டது. பின்னர் கொரியரும் சீனரும் தமது மக்களின் உடல்களைக்கொண்டு இவ்வாறான தொகுதிகளை ஆக்கினார்கள். உலகெங்கும் கணினித் திரைகளில் சுழலும் உடலுருக்கள் பலவற்றுக்கு இவையே அத்திவாரம்.

அந்தக் கைதி தமது உடலை எழுதிக் கொடுத்திருந்தார் என்பது உண்மை. ஆனால் கொலைக்கூடத்துக்குப் போகவிருக்கும் ஒருவர் கொடுக்கும் சம்மதம் சுதந்திரமான சம்மதமா என்று அறநெறி அறிஞர்கள் அன்றே கேட்டார்கள். இக்கேள்வி புதியதல்ல. 1828இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில், உடலமைப்பு ஆசிரியருக்கு விற்பதற்காக இரண்டு பேர் 16 பேரைக் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்கள் தேடிவர ஆளில்லாத ஏழைகள். 1832இல் பிரித்தானியா கொண்டுவந்த சட்டமும், உரிமை கோரப்படாத ஏழைகளின் உடல்களையே மருத்துவக் கல்லூரிகளுக்கு வழங்கியது. உடலைப் பற்றிய அறிவு வளர்ந்த வழியெங்கும் ஏழைகளின் உடல்கள் கிடக்கின்றன. அவ்வறிவில் ஏழைகளுக்குக் கிடைத்த பங்கு மிகச் சொற்பம்.

உறவினரின் உடலை இறுதியாகக் காணக் கிடைக்காத குடும்பங்கள் நிறைந்த மண் எமது மண். 2023ஆம் ஆண்டில் கொக்குத்தொடுவாயில் எலும்புகள் வெளிப்பட்டபோது எத்தனை தாய்மார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்பதை நாம் அறிவோம். ஆகவே, உடல் எவருடையது, சம்மதித்தவர் யார் என்ற கேள்வியை எமது மக்களைப்போல் கேட்கத் தகுதியுள்ளவர்கள் வேறு எவர்? தாமாக விரும்பித் தமது உடலை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக்கு எழுதிவைத்தவர்கள் எமது சமூகத்தில் உண்டு. அவர்களின் கொடையை எந்தக் கணினியும் ஈடுசெய்யாது. தசையின் இறுக்கமும், நாடியின் தடிப்பும், ஒருவர் உடம்புக்கும் இன்னொருவர் உடம்புக்கும் உள்ள வேறுபாடும் கையாலே தொட்டுத்தான் தெரியும். நாளைக்கு எமது பிள்ளையின் வயிற்றைத் திறக்கப்போகும் வைத்தியர் தொட்டுப் படித்தவராக இருக்கவேண்டும். கணினிப் படம் அதற்குத் துணை செய்யலாம், அவ்வளவே.

மானிப்பாயில் நடந்தது

உடலைப் பற்றிய அறிவைத் தமிழ்க் கிராமத்துக்குக் கொண்டுவரும் முயற்சி எமது நாட்டில் இன்று தொடங்கியதல்ல. அமெரிக்காவின் மாசாசூசெற்ஸ் மாநிலத்திலிருந்து மருத்துவ ஊழியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், முதலில் வட்டுக்கோட்டையிலும் பின்பு மானிப்பாயிலும் இருந்து வைத்தியம் செய்தார், வைத்தியர்களையும் பயிற்றினார். கொழும்பில் அரசாங்கம் மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1870இற்றான். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே மானிப்பாயில் உடலமைப்புக் கற்பிக்கப்பட்டது.

ஆரம்பத்தில் ஆங்கிலத்திற் படிப்பித்த கிறீன், 1862இல் மீண்டும் வந்தபின் தமிழிலே கற்பிப்பதற்கு மாறினார். ஆங்கிலத்திற் படித்தவர் உத்தியோகம் தேடிப் பட்டணம் போகின்றார், தமிழிற் படித்தவர் தமது ஊரிலே தம் மக்களுக்கு வைத்தியம் செய்வார் என்பது அவரது எண்ணம். கிரே என்பவரின் உடற்கூற்று நூல் லண்டனில் வெளிவந்தது 1858இல். அதனைத் தழுவிய "மனுஷ அங்காதிபாதம்" என்னும் தமிழ் நூலைக் கிறீன் 1872இல் வெளியிட்டார். இடையில் 14 ஆண்டுகளே. "இரண வைத்தியம்", "பிரசவ வைத்தியம்", "கெமிஸ்தம்" என்று வேறு நூல்களும் வந்தன. ஒரு கலைச்சொல் தேவைப்பட்டால் தமிழிலே உள்ள சொல்லை முதலிலே தேடுவது, கிடையாவிடின் சமஸ்கிருதத்திற்குப் போவது, அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது என்பது அவர் கைக்கொண்ட முறை.

இன்றைய நிலை என்ன? எமது பிள்ளைகள் க.பொ.த. உயர்தரம் வரைக்கும் உயிரியலைத் தமிழிற் படிக்கின்றார்கள். என்பு, நாடி, நாளம், முண்ணாண், பிரிமென்றகடு என்று அழகான சொற்களை மனனம் செய்கின்றார்கள். மருத்துவ பீடத்துக்குப் போனதும் அச்சொற்களை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஆங்கிலத்திற் படிக்கின்றார்கள். வைத்தியராக வெளியேறி வந்து எம்மைப் பார்க்கும்போது, படித்ததைத் தமிழிற் சொல்லப் பழக்கமின்றி, "முதுகில கொஞ்சம் பிரச்சினை இருக்கு" என்பதோடு முடித்துவிடுகின்றார்கள். அவர்களிற் குறை காண நாம் எழுதவில்லை. வெளிநோயாளர் பிரிவில் வரிசை நீளம், நேரம் குறைவு. ஆனால் ஒரு படமும் நாலு தமிழ்ச் சொற்களும் கையோடு இருந்தால், இரண்டு நிமிடத்தில் எவ்வளவோ சொல்லலாம்.

எமது உடம்புகள் வேறு

கணினித் திரையிலே சுழலும் உடல் முழுமையானது. இரண்டு கால், இரண்டு கை, நேரான முள்ளந்தண்டு. வன்னியில் வாழும் உடம்புகள் எல்லாம் அப்படியா இருக்கின்றன?

2009ஆம் ஆண்டின் எறிகணைச் சிதறல்களை இன்றும் உடம்பினுள் சுமந்துகொண்டு வயலில் இறங்குபவர்கள் எத்தனையோ பேர். எடுப்பதால் வரும் ஆபத்து விடுவதால் வரும் ஆபத்தைவிடக் கூடியது என்று வைத்தியர்கள் பல துண்டுகளை உள்ளேயே விட்டார்கள். அது சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் அத்துண்டு எங்கே இருக்கின்றது, எந்த நரம்புக்குப் பக்கத்தில் இருக்கின்றது, ஏன் எடுக்கவில்லை என்பது அதைச் சுமப்பவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். காந்தப் புலத்தைக்கொண்டு எடுக்கும் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்குப் போகுமுன், உள்ளே இரும்பு இருக்கின்றதென்று சொல்லியே ஆகவேண்டும்; பலமான காந்தம் இரும்பை அசைக்கக்கூடும். இதைச் சொல்லத் தெரியாத ஒருவருக்கு அறியாமையே ஆபத்தாகி விடுகின்றது. ஸ்கான் பரிசோதனையின் படங்களைக் கணினியில் சேர்த்து, சுற்றிப் பார்க்கக்கூடிய உருவாக்க இன்று இயலும். அவரது உடம்பின் அந்த உருவை அவருக்கே ஒருமுறை காட்டினால் என்ன?

கண்ணிவெடியில் காலை இழந்தவர்கள், இல்லாத பாதம் இரவில் நோகின்றது என்று சொல்லும்போது, வீட்டார் அதை மனப்பிரமை என்று எண்ணிவிடுவதுண்டு. பாதம் போனாலும் அப்பாதத்துக்குரிய இடம் மூளையிலே இருந்துகொண்டே இருக்கின்றது, நோவு உண்மையானது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் படித்து அமெரிக்காவில் ஆய்வு செய்த வி. எஸ். இராமச்சந்திரன், 1990களின் நடுப்பகுதியில் இதற்கு ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்தினார். இருக்கின்ற கையை முகம் பார்க்கும் கண்ணாடியிற் காட்டி, இழந்த கை அசைவதுபோன்ற தோற்றத்தை உண்டாக்குவதே அம்முறை. எல்லோருக்கும் அது குணம் தந்ததென்று சொல்ல முடியாது. பலருக்கு ஆறுதல் தந்தது. மெய்நிகர்க் கண்ணாடிகளைக்கொண்டு அதே வேலையைச் செய்ய இன்று ஆய்வுகள் நடக்கின்றன. முதலாவது கண்ணாடி சிலநூறு ரூபா பெறும் பொருள் என்பதை மறவாதிருப்போம்.

முண்ணாண் அறுந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனவர்களைப் பராமரிக்கும் மனைவிமாரும் தாய்மாரும் எமது கிராமங்களில் இருக்கின்றார்கள். உணர்வு இல்லாத இடத்தில் எலும்பு தோலை அழுத்தும்போது இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை அழுகுகின்றது. படுக்கைப்புண் வருவது இப்படித்தான். எந்த எலும்பு எந்த இடத்தில் அழுத்தும் என்று அந்தத் தாய்க்கு ஒருமுறை காட்டிவிட்டால், நேரத்துக்கு நேரம் ஏன் புரட்டிவிடவேண்டும் என்பதை எவரும் திரும்பத் திரும்பச் சொல்லத் தேவையில்லை.

விவசாயத்தோடு கூடிப்பிறந்த நோய்களும் உண்டு. வவுனியா மாவட்டத்தின் விவசாயக் கிராமங்களில், காரணம் இன்னும் திட்டமாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவியுள்ளது. பெரும்பகுதி பழுதாகும்வரை அந்நோய் நோவோ அடையாளமோ காட்டாது. முதுகு நோகவில்லை, ஆகவே சிறுநீரகம் நல்லது என்று எண்ணியிருப்பவர் பரிசோதனைக்குப் போகமாட்டார். சேற்றில் இறங்கும்போது காலிலுள்ள சிறு வெடிப்பின் வழியாக எலிக்காய்ச்சற் கிருமி உட்சென்று ஈரலையும் சிறுநீரகத்தையும் சுவாசப்பையையும் தாக்குகின்றது. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் குடித்து, மர்மக் காய்ச்சல் என்று பயந்து பேசப்பட்டது இந்த நோயே. புடையன் பாம்பின் நஞ்சு இரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்துச் சிறுநீரகத்தைப் பழுதாக்குகின்றது. கடிவாயைக் கீறினால் இரத்தம் நிற்காமற் போவது அதனாலேதான். உள்ளே நடப்பதைக் கண்ணாற் கண்டவர் கீறவும் மாட்டார், கட்டுப்போட்டுக்கொண்டு பரியாரி வீட்டில் நேரத்தைக் கடத்தவும் மாட்டார்.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, மூலப்பொருள் இலவசமாகவே கிடைக்கின்றது. மேலே சொன்ன அமெரிக்க நூலகத்தின் படத்தொகுதியை 2019 முதல் அனுமதிப்பத்திரம் இன்றியே எவரும் பயன்படுத்தலாம். ஜப்பானியர் உருவாக்கிய "பொடிபார்ட்ஸ் த்ரீடி" என்னும் உடலுறுப்புத் தொகுதியையும், மூலத்தைக் குறிப்பிட்டு, மாற்றியதையும் அதேபோல் பொதுவில் விடும் நிபந்தனையோடு, எவரும் மாற்றியமைக்கலாம். அதன்மேல் தமிழ்ப் பெயர்களையும் தமிழ்க் குரலையும் சேர்ப்பதற்கு எந்தக் கம்பனியின் தயவும் தேவையில்லை.

இரண்டாவதாக, செய்வதற்கு ஆட்கள் எம்மிடமே இருக்கின்றார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இயங்குகின்றன. திருநெல்வேலியில் மருத்துவ பீடம் இருக்கின்றது. மாணவர்கள் இறுதியாண்டில் ஏதோ ஒரு செயற்றிட்டம் செய்தே ஆகவேண்டும். கணினி படிக்கும் மாணவரும் மருத்துவ மாணவரும் சேர்ந்து, சிறுநீரகம் பற்றியோ முள்ளந்தண்டு பற்றியோ ஒரு பத்து நிமிட நிகழ்ச்சியைத் தமிழில் ஆக்கட்டும். இணைய இணைப்பு இல்லாமலே வேலை செய்வதாகவும், பழைய கைத்தொலைபேசியிலும் ஓடுவதாகவும் அது அமையவேண்டும்.

மூன்றாவதாக, விளக்கும் முறை எமது வாழ்விலிருந்து வரவேண்டும். இரணைமடுவிலிருந்து இடதுகரை, வலதுகரை வாய்க்கால்கள் புறப்பட்டு, கிளை வாய்க்காலாகி, கடைசியில் வயலின் வரம்போரம் ஒரு மண்வெட்டி அகலத்தில் வந்து சேர்வதை அறிந்த ஒருவருக்கு, பெருநாடி கிளைவிட்டு மயிர்த்துளைக் குழாயாக முடிவதை விளக்குவது கடினமல்ல. வாய்க்கால் தூர்ந்தால் கடைக்கோடி வயல் காய்கின்றது. நீரிழிவு நோயாளியின் கால்விரல் முதலிற் கெடுவதற்கு நாடிகள் அடைபடுவதும் ஒரு காரணம். இத்தகைய உவமைகளை விவசாயிகளே சொல்லட்டும், மாணவர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

நான்காவதாக, காட்டும் இடம் கிராமமாக இருக்கவேண்டும். கமக்கார அமைப்பின் கூட்டம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், தாய்சேய் கிளினிக், பாடசாலை ஆகியவை ஏற்ற இடங்கள். பெண்களின் உடல் பற்றிய பகுதிகளைக் குடும்பநல உத்தியோகத்தரே பெண்களுக்கு மாத்திரம் காட்டவேண்டும். கண்களை மூடும் கண்ணாடியைச் சிறுபிள்ளைகளுக்கும் தலைச்சுற்று உள்ளவர்களுக்கும் மாட்டக்கூடாது. இப்படங்களைப் பார்த்துத் தாமே நோயைத் தீர்மானித்து மருந்து வாங்குவது உயிருக்கு ஆபத்து என்பதையும் ஒவ்வொரு முறையும் சொல்லவேண்டும்.

ஐந்தாவதாக, முழுமையான உடலோடு எமது மக்களின் உடலும் அதில் இருக்கவேண்டும். முழங்காலுக்குக் கீழே இல்லாத கால், செயற்கைக் கால் பொருந்தும் தசைமுனை, துண்டு தங்கிய தோள் ஆகியன பாடத்தில் வரட்டும். யாழ்ப்பாணத்திலுள்ள ஜெய்ப்பூர் நிறுவனம் 1987 முதல் செயற்கை அவயவங்கள் செய்து கொடுத்து வருகின்றது. அத்தகைய இடங்களில் சேர்ந்துள்ள அனுபவத்தைக் கேட்டுப் பெறலாம். ஆனால் எவருடைய ஸ்கான் படமும் அவரது எழுத்துமூலச் சம்மதமின்றிப் பயன்படுத்தப்படக்கூடாது. வறுமையைக் காட்டிக் காசு சேர்ப்பதற்கு ஊனமுற்றவர்களைப் படமெடுத்துச் சென்றவர்களை நாம் போதுமான அளவு கண்டுவிட்டோம்.

எவரிடமிருந்து தொடங்கும்?

இவற்றையெல்லாம் அரசாங்கமோ வெளிநாட்டு நிறுவனமோ வந்து செய்து தரும் என்று காத்திருந்தால் காலம் போய்விடும். எந்தப் பட்டணத்துக் கண்காட்சியிலோ ஒரு விலையுயர்ந்த கண்ணாடியை அமைச்சர் ஒருவர் தலையில் மாட்டிப் படம் எடுத்துக்கொள்வதோடு அது முடிந்தும் விடலாம்.

தொடக்கம் கேள்வியில் இருக்கின்றது. அடுத்தமுறை வைத்தியசாலைக்குப் போகும்போது, உங்கள் படத்தை வைத்தியர் பார்த்து முடிந்ததும், "ஐயா, எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோ, இது எந்த இடம், என்ன பழுது எண்டு தமிழில சொல்லுங்கோ" என்று மரியாதையோடு கேளுங்கள். பெண் வைத்தியரானால் "அம்மா" என்று அழைத்துக் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை, உடம்பு உங்களுடையது. கைத்தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளையையும் பேரப்பிள்ளையையும் இருத்தி, "இதில சிறுநீரகம் எங்க இருக்கெண்டு காட்டு பாப்பம்" என்று கேளுங்கள். உயிரியல் படிக்கும் பிள்ளைக்கு அதைவிட நல்ல பரீட்சை இல்லை. உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், அறிவியல் நகர் மாணவர்களை அழைப்பதா என்பதை ஒரு விடயமாக எடுத்துப் பேசுங்கள்.

பத்துப்பேர் கேட்டால் வைத்தியர் ஒரு படத்தை மேசையில் வைத்திருப்பார். நூறுபேர் கேட்டால் மாணவர் ஒருவர் அதைத் தமிழில் செய்யத் தொடங்குவார்.